பின்னட்டையில் ஒரு முகம்: புத்தகம் பொய்த்தால் யார் பொறுப்பு?

பெரம்பூரில் இருக்கும் என் பெரியம்மாவின் தலையணை ஓரத்தில் ஒரு புத்தகம் எப்போதும் இருக்கும். கண்ணாடித் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். பழைய காலண்டர் தாளில் போட்டால் பின்னட்டைப் படம் மறைந்துவிடும் என்று, கடையில் சொல்லிக் கண்ணாடித் தாள் வாங்கிவரச் செய்தாராம். பின்னட்டையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே நான்கு வரி. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம், என் பார்வையையே மாற்றிவிட்டது என்கிற மாதிரி. உள்ளே இருந்த சங்கதி இது: சர்க்கரை என்பது நோயே இல்லை, மாத்திரையை நிறுத்தினால் உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

பெரியம்மா நிறுத்தினார். இரண்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. செருப்பு கடித்த புண் ஆறாமல் இடது கால் கட்டைவிரல் கறுத்துப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். விரல் தப்பியது.

"ஏன் பெரியம்மா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"அந்தத் தம்பி பொய் சொல்லுமாடா? அதுக்கென்ன காசுக்கா குறைச்சல்?" என்றார்.

எழுதியவர் யார் என்று பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. பதிப்பகத்தின் பெயரும் தெரியாது. அவர் நம்பியது நடிகரை. திரையில் முப்பது வருடமாகப் பார்த்துப் பழகிய முகம் சொன்னதை, சொந்தக்காரர் சொன்னது போல எடுத்துக்கொண்டார்.

நான் சென்னையில் பதிப்புத் துறையில் மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவன். அந்த நான்கு வரி எப்படிப் பிறந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். புத்தகத்தின் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் மேலாளருக்குப் போகும். ஒரு வாரம் கழித்து, "சார் ஷூட்டிங்ல இருக்காரு. நீங்களே நாலு வரி எழுதி அனுப்புங்க, பார்த்து ஓகே பண்ணிடுவாரு" என்று பதில் வரும். நாங்கள் எழுதி அனுப்புவோம். அடுத்த நாள் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அதோடு அச்சுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வரிகளை நானும் எழுதியிருக்கிறேன். பெரியம்மாவின் காலைப் பார்த்த பிறகு எழுதுவதில்லை.

பரிந்துரை என்பது நமக்குப் புதிதில்லை. அதற்கு இலக்கணமே வகுத்த மொழி இது. பவணந்தி முனிவரின் நன்னூல், பாயிரம், அதாவது முன்னுரை, இல்லாத நூல் நூலே இல்லை என்கிறது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பதால், நூலாசிரியருக்காக வேறொருவர் சிறப்புப் பாயிரம் தர வேண்டும். யார் தரலாம்? அதையும் சொல்லிவிடுகிறது: "தன்னா சிரியன் தன்னொடு கற்றோன் தன்மா ணாக்கன் தகும்உரை காரன்". ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர். நால்வரில் ஒருவர்கூடத் தூரத்து ஆள் இல்லை. எழுதியவரையும் எழுதப்பட்டதையும் உள்ளும் புறமும் அறிந்தவர்கள். எத்தனை பேருக்குத் தெரிந்த முகம் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் சொன்ன பனம்பாரனார், தொல்காப்பியரோடு கூடப் படித்தவர் என்பது மரபு. அந்தப் பாயிரம் புகழ்ந்துவிட்டு மட்டும் போகவில்லை. பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்பு, "அரில்தபத் தெரிந்து" அரங்கேறிய நூல் என்று சாட்சி சொல்கிறது. அரில் என்றால் குற்றம், சிக்கல். கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒருவர் முன்னால் வைத்துக் குற்றம் களைந்தார்கள், இன்ன இடத்தில், இன்னார் அவையில் என்று பதிவு செய்கிறது. இன்று பின்னட்டையில் வரும் வரிகளில் எதிலாவது இப்படி ஒரு தகவல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. ஜேம்ஸ் ஃப்ரே என்பவர் போதைக்கு அடிமையாகி மீண்ட கதையை, 'எ மில்லியன் லிட்டில் பீசஸ்' என்ற தலைப்பில் தன்வரலாறாக 2003-இல் வெளியிட்டார். 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சிப் புத்தகக் கழகத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார். அவர் கை பட்டால் புத்தகம் எப்படி ஓடும் என்பதற்கு அந்த வருடமே சாட்சி. சில மாதங்களில் 17 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

2006 ஜனவரி 8-ஆம் தேதி 'தி ஸ்மோக்கிங் கன்' என்ற இணையதளம் காவல்துறை ஆவணங்களைத் தோண்டி எடுத்து வெளியிட்டது. 87 நாள் சிறையில் கிடந்ததாக ஃப்ரே எழுதியிருந்தார். காவலில் இருந்தது சில மணி நேரம்தான். வேறு பல சம்பவங்களும் ஊதிப் பெருக்கியவை.

அடுத்து நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஜனவரி 11-ஆம் தேதி லாரி கிங்கின் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியில் ஃப்ரே உட்கார்ந்திருந்தபோது ஓப்ரா தானே தொலைபேசியில் அழைத்தார். அந்தப் புத்தகம் தரும் மீட்சியின் செய்தி தனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது என்று அவருக்காகப் பேசினார். பதினைந்து நாள் கழித்து, ஜனவரி 26 அன்று, ஃப்ரேயையும் பதிப்பாளர் நேன் டலீஸையும் தன் மேடைக்கே வரவழைத்து நேருக்கு நேர் கேள்வி கேட்டார். நான் ஏமாற்றப்பட்டேன் என்றார். அதற்கு முன்னால் தன் தவறைச் சொன்னார்: அந்தத் தொலைபேசி அழைப்பின் மூலம், உண்மை முக்கியமில்லை என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டேன், அதற்காக வருந்துகிறேன் என்றார்.

அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. காவல் நிலையத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு தன்வரலாற்றைப் பாராட்ட வேண்டும் என்றால், யாரும் எதையும் பாராட்ட முடியாது. அந்தத் தொலைபேசி அழைப்பு வேறு. சான்று கண்ணெதிரே வந்த பிறகு பேசிய பேச்சு அது. அதே நேரம், பிறகு அவர் செய்த திருத்தத்தையும் மதிக்கிறேன். எந்த மேடையில் நின்று படியுங்கள் என்றாரோ, அதே மேடையில், அதே கூட்டத்தின் முன்னால், தன் பெயரைச் சொல்லியே தவறை ஒப்புக்கொண்டார். 2011-இல் ஃப்ரேயை மறுபடி அழைத்து, அன்று அவரை நடத்திய விதத்தில் இரக்கம் போதவில்லை என்று அதற்கும் வருத்தம் தெரிவித்தார்.

படித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? வழக்குப் போட்டார்கள். பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டது. கெட்டி அட்டைப் பதிப்பு வைத்திருந்தவர்கள் 163-ஆம் பக்கத்தைக் கிழித்து அனுப்ப வேண்டும், உண்மை என்று நம்பித்தான் வாங்கினேன் என்று உறுதியும் எழுதித் தர வேண்டும். கேட்டு வாங்கியவர்கள் 1,729 பேர். லட்சக்கணக்கில் விற்ற புத்தகத்துக்கு இவ்வளவுதான். புத்தகம் ஏமாற்றினால் போகிற சொத்து பணமில்லை என்பதால் இருக்கும். போதையிலிருந்து மீள முயன்றுகொண்டிருந்த ஒருவர், இவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று அந்தப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு ராத்திரிகளைக் கடந்திருப்பார். அவருக்கு எந்தப் பக்கத்தைக் கிழித்தால் எதைத் திருப்பித் தர முடியும்?

பாடம் படித்த பிறகும் ஓப்ரா மறுபடி சிக்கினார். ஹெர்மன் ரோசன்பிளாட் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். அதில் சந்தேகமே இல்லை. முகாம் வேலிக்கு வெளியிலிருந்து ஒரு சிறுமி தனக்கு ஆப்பிள் வீசியதாகவும், பல வருடம் கழித்து அமெரிக்காவில் அவளையே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டதாகவும் சொன்னார். இரண்டு முறை ஓப்ராவின் நிகழ்ச்சிக்கு வந்தார். தன் நிகழ்ச்சியில் சொல்லப்பட்டதிலேயே மிகச் சிறந்த காதல் கதை என்று ஓப்ரா கொண்டாடினார். கென்னத் வால்ட்சர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் அந்த முகாமின் அமைப்பை வைத்தே, கைதி யாரும் அப்படி வேலியருகே போய் நின்றிருக்க முடியாது என்று காட்டினார். 2008 டிசம்பரில், வெளிவரும் முன்பே பதிப்பகம் புத்தகத்தைக் கைவிட்டது. அந்த மனிதர் பட்ட உண்மையான துன்பத்தின் மேலும் இதன் நிழல் விழுந்தது. வதைமுகாமே நடக்கவில்லை என்று சாதிப்பவர்களுக்கு இது ஒரு கைப்பிடி ஆகிவிடும் என்று ஆய்வாளர்கள் கவலைப்பட்டார்கள். ஒருவர் சொன்ன அழகான பொய், அதே இடத்தில் உண்மை சொன்ன ஆயிரம் பேரையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

இதற்கு நேர் எதிரான நடத்தையும் ஒன்று உண்டு. கிரெக் மார்ட்டென்சன் 2006-இல் 'த்ரீ கப்ஸ் ஆஃப் டீ' எழுதினார். பாகிஸ்தான் மலைக் கிராமங்களில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டிய கதை. அதிபர் ஒபாமா தன் நோபல் பரிசுத் தொகையிலிருந்து ஒரு லட்சம் டாலரை அவருடைய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். மலையேற்ற எழுத்தாளர் ஜான் கிராக்கவரும் நம்பி 75,000 டாலர் கொடுத்தவர். சந்தேகம் வந்ததும் கிராக்கவர் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. தானே விசாரித்து, கதையில் எதெல்லாம் நடக்கவில்லை, பணம் எங்கே போனது என்று 2011-இல் எழுதினார். அதே நேரத்தில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் புலனாய்வும் வந்தது. மறு வருடம், மொன்டானா மாநில அரசு வழக்கறிஞரின் விசாரணைக்குப் பிறகு, அறக்கட்டளைக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் மார்ட்டென்சன் திருப்பித் தர வேண்டியதாயிற்று. வாசகர்கள் போட்ட வழக்கு மட்டும் தள்ளுபடி ஆனது. கையை விட்டுப் பணம் கொடுத்து ஆதரித்தவர்தான் தோண்டியும் எடுத்தார். பரிந்துரைத்தவரின் பொறுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் விளம்பரத்தில் நடிப்பவர்களின் பொறுப்பைப் பற்றிய பேச்சு 2015-இல் மேகி நூடுல்ஸ் பிரச்சினையின்போது சூடு பிடித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். ஓராண்டு, பிறகு மூன்றாண்டு வரை விளம்பரங்களில் வரத் தடையும் விதிக்கலாம். ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள்: சொல்லப்படுவது உண்மைதானா என்று தக்க கவனத்தோடு விசாரித்துப் பார்த்தவருக்கு அபராதம் இல்லை. பரிந்துரை செய்பவரின் கருத்து உண்மையானதாக, போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டதாக இருக்க வேண்டும் என்றும், விற்பவரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

இதெல்லாம் சோப்புக்கும் நூடுல்ஸுக்கும் சரி. புத்தகம் என்று வந்தால் நிலம் வழுக்குகிறது. மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. சர்க்கரையைக் குணமாக்குகிறேன் என்று ஒரு லேகியத்துக்கு விளம்பரம் செய்ய அது இடம் தராது. அதே சட்டம், நல்லெண்ணத்தோடு அறிவியல் நோக்கிலோ சமூக நோக்கிலோ எழுதப்பட்ட நூல்களுக்கு விலக்குத் தருகிறது. தர வேண்டியதும்தான். கருத்தைச் சொல்ல அஞ்சும் நாட்டில் நல்ல புத்தகமும் வராது. ஆனால் இதனால், புட்டியில் ஒட்ட முடியாத வாக்குறுதியை அட்டை போட்ட புத்தகத்தில் சுலபமாகச் சொல்லிவிட முடிகிறது. சட்டம் நின்றுவிடும் அந்த இடத்தில்தான், முகம் கொடுப்பவரின் மனசாட்சி வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

"பதிப்பகம் சரிபார்த்திருக்கும் என்று நினைத்தேன்" என்பது பிரபலங்கள் வழக்கமாகச் சொல்வது. பதிப்பகத்துக்கு உள்ளே இருந்து சொல்கிறேன், சரிபார்ப்பதில்லை. அமெரிக்காவில் அத்தனை பெரிய பதிப்பகமே ஃப்ரேயின் புத்தகத்தைச் சரிபார்க்கவில்லை. முந்நூறு, ஐந்நூறு பிரதி அச்சடிக்கும் தமிழ்ப் பதிப்பகத்தில் தகவல் சரிபார்க்கத் தனி ஆள் கிடையாது. நான் ஒற்றுப்பிழை பார்க்கிறேன். சந்திப்பிழை பார்க்கிறேன். ஆசிரியர் சொல்வது நடந்ததா என்று பார்க்க எனக்குச் சம்பளமும் இல்லை, நேரமும் இல்லை, பல சமயம் அறிவும் இல்லை. பதிப்பாளர் ஆசிரியரை நம்புகிறார். பிரபலம் பதிப்பாளரை நம்புகிறார். பெரியம்மா பிரபலத்தை நம்புகிறார். ஒருவர்கூட ஒன்றையும் பார்க்கவில்லை. "தேரான் தெளிவு" தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் சொன்னது ஆளைத் தேர்வதைப் பற்றி. எங்கள் தொழிலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

அதற்காகப் பிரபலங்கள் புத்தகத்தின் பக்கமே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020-இல் பிக் பாஸ் நிகழ்ச்சியில் கமல்ஹாசன் வாரந்தோறும் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசத் தொடங்கினார். எத்தனை இலக்கியக் கூட்டம் போட்டாலும் எங்களால் போய்ச் சேர முடியாத கூடங்களுக்குள் தமிழ்ப் புத்தகத்தின் பெயர் போய்ச் சேர்ந்தது. அவர் சும்மா அட்டையைக் காட்டிவிட்டுப் போகவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னார். படித்தவர் பேசுகிறார் என்பது கேட்டாலே தெரியும். அந்த வித்தியாசம் முக்கியம். நாவலையோ கவிதையையோ பிடித்திருக்கிறது என்று சொல்பவருக்குச் சுமை குறைவு, அது ரசனை. இது உண்மையில் நடந்தது, இதைச் செய்தால் நோய் போகும், இதில் முதலீடு செய்தால் பணம் பெருகும் என்று சொல்லும் புத்தகத்துக்குப் பெயர் கொடுப்பவர் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார்.

சாட்சியிடம் நான் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான். முழுவதும் படித்தீர்களா, பாதியா, எழுதியவர் உங்கள் நண்பரா, பணம் வாங்கினீர்களா என்பதை அந்த நான்கு வரிக்குள்ளேயே சொல்லிவிடலாம். "என் நண்பர் எழுதியது, முதல் மூன்று அத்தியாயம் படித்தேன், நன்றாக இருக்கிறது" என்று அச்சடித்தால் விற்பனை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உடம்பைப் பற்றிய புத்தகமென்றால் உங்கள் குடும்ப டாக்டரிடம் ஒரு முறை நீட்டுங்கள். பொய் என்று தெரிந்துவிட்டால், பரிந்துரைத்த அதே உயரத்தில் நின்று திரும்பப் பெறுங்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் காணொளியில் பாராட்டிவிட்டு, தவறு தெரிந்ததும் சத்தமில்லாமல் அந்தக் காணொளியை நீக்கிவிடுகிறார்கள். பார்த்தவர்கள் மனதிலிருந்து அது நீங்குவதில்லை. அடுத்த அச்சில் என் பெயரை எடுங்கள் என்று பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், நாங்கள் எடுத்துத்தான் ஆக வேண்டும். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்ததில்லை.

வாசகர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்ற எழுபது வயதுக்காரர் மருத்துவ ஆய்விதழைப் புரட்டிப் பார்க்க மாட்டார். அவருக்குத் தெரிந்த சரிபார்ப்பு ஒன்றுதான்: சொல்பவர் நல்லவரா? அந்தச் சரிபார்ப்பை அவர் செய்தார். அதன் பிறகுதான் மாத்திரையை நிறுத்தினார்.

இந்த ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போனபோது அந்தப் புத்தகத்தைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, வாசலை ஒட்டி அடுக்கியிருந்தார்கள். புதிய அச்சு. தாள் கொஞ்சம் வெளுப்பு, விலை கொஞ்சம் கூட. பின்னட்டையில் அதே படம், அதே நான்கு வரி. "நல்லாப் போகுதுண்ணே. பெரியவங்கதான் நிறைய வாங்குறாங்க" என்றார் கடையில் இருந்த பையன், பத்து சதவீதக் கழிவு போக விலையைக் கணக்கிட்டுக்கொண்டே.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தத் தம்பிக்கு ஒரு கடுதாசி எழுதுடா. திட்டாத. என் காலைப் பத்திச் சொல்லு. நீங்க இதைப் படிச்சீங்களாப்பான்னு கேளு. அது போதும்" என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். கீழே நடுங்கும் கையெழுத்தில் அவரே பெயர் எழுதினார். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். நான்காம் நாள், கடிதம் சேர்ந்துவிட்டது என்று செல்பேசிக்குச் செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் போனால், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்கிறார்: "பதில் வந்துச்சாடா?"